சாய்ந்து நிற்கும் பாறையை எவ்வளவு நம்பலாம்?

நார்வேயின் மேற்குப் பகுதியில் ரோம்ஸ்டால் என்றொரு பள்ளத்தாக்கு. இரு பக்கமும் செங்குத்தான மலைகள், நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி ரயில் பாதை, ஆங்காங்கே சில வீடுகள். அந்த வீடுகளுக்கு மேலே மானன் மலையில் ஒரு பாறைப் பகுதி பிடிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் அதை வெஸ்லெமானன் என்றார்கள். அதன் பருமன் 54,000 கன மீட்டர். 2014ஆம் ஆண்டு தொடங்கி ஐந்து வருடம் ராடார் கருவி அதை இரவு பகலாகக் கவனித்தது. கோடை முடிந்து மழை வலுக்கும் ஒவ்வொரு பருவத்திலும் பாறை வேகம் எடுக்கும். சிவப்பு எச்சரிக்கை வரும். மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறுவார்கள். பிறகு பாறை அடங்கும், திரும்பி வருவார்கள். இப்படி மொத்தம் 16 முறை சிவப்பு எச்சரிக்கை. கடைசியில் 2019 செப்டம்பர் 5 அன்று அது இடிந்து விழுந்தது. கீழே யாரும் இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பதினாறு முறை காலி செய்யச் சொன்னார்கள், விழுந்ததோ ஒரே முறை. அப்படியானால் மற்றதெல்லாம் தப்புக் கணக்கா என்று கேட்கத் தோன்றும். அப்படியல்ல. ‘வெளியேறுங்கள்’ என்பது ஒரு முடிவு. ‘இன்று விழும்’ என்பது ஒரு கணிப்பு. பாறை விழுவதற்கு 5 விழுக்காடு வாய்ப்பு இருந்தால்கூட, அதன் அடியில் குழந்தைகள் தூங்கும் வீட்டைக் காலி செய்வதுதான் சரி. ஆனால் அந்த 5 விழுக்காட்டை வைத்துக்கொண்டு விழும் என்று எவரும் அறிவிக்க முடியாது. இருபதில் பத்தொன்பது முறை விழாது என்பதும் அதே எண் சொல்லும் செய்திதான். இந்த வேறுபாட்டை மக்களுக்குப் புரியவைப்பதுதான் மிக முக்கியமாக இருந்தது என்று அந்தக் கண்காணிப்பில் ஈடுபட்ட ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். பாறைச் சரிவு ஒன்றைக் காட்டி இது பாதுகாப்பானதா என்று கேட்டால், ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளுக்குள் உண்மை அடங்காது. எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது, கீழே யார் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான விடை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பாறை வலுவில்லாததால் மலை சரிவதில்லை. நல்ல கருங்கல்லின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரு டன்னுக்கு மேல் எடையைத் தாங்கும். பிளவே இல்லாத கல்லாக இருந்தால், கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் உயரத் தூணாக நிறுத்தினால்தான் தன் எடையாலேயே அது நொறுங்கும். ஆனால் இயற்கையில் அப்படிப்பட்ட மலை எதுவும் இல்லை. பூமிக்கடியில் குளிர்ந்தபோது உண்டான வெடிப்புகள், மேலிருந்த சுமை அரிக்கப்பட்டுப்போனதும் விரிந்து உரிந்த தளங்கள், நில அசைவில் உண்டான முறிவுகள் என மலை முழுக்கப் பிளவுகள் ஓடுகின்றன. சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய சுவர் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் மலையும் நிற்கிறது. கல்லின் வலுவை ஆராய்வதைவிட, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஆராய்வதே இந்தத் துறையின் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்ப்போம். நிலவியலாளர் பாறை முகத்தின் குறுக்கே ஓர் அளவு நாடாவை இழுத்துக் கட்டுகிறார். நாடாவை வெட்டும் ஒவ்வொரு பிளவிலும் திசைகாட்டியை வைத்து அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையை நோக்கிச் சாய்கிறது என்று குறிக்கிறார். அடுத்த பிளவு எவ்வளவு தூரத்தில், இந்தப் பிளவு எவ்வளவு நீளம், உள்ளே என்ன இருக்கிறது: வெறும் கல்லா, களிமண் அடைத்திருக்கிறதா, வேர் நுழைந்திருக்கிறதா, தண்ணீர் கசிந்த கறை தெரிகிறதா? சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். ‘டங்’ என்ற ஓசை வந்தால் உள்ளே கெட்டி; மந்தமான ஓசை வந்தால் உள்ளே விரிந்திருக்கிறது. வரிசையாக ஊசிகள் பொருத்திய சீப்பு போன்ற கருவியைப் பிளவின் முகத்தில் அழுத்தி, அதன் மேடு பள்ளத்தைத் தாளில் வரைந்துகொள்கிறார். நூற்றுக்கணக்கான பிளவுகளை இப்படி அளந்து, ஒரு வட்டத்துக்குள் புள்ளிகளாகக் குறித்தால், சிதறலாகத் தோன்றிய பிளவுகள் இரண்டு மூன்று குழுக்களாகத் திரள்வது தெரியவரும்.

எந்தக் குழு ஆபத்தானது? தட்டையாக நழுவுவதற்கு இரண்டு நிபந்தனைகள் பொருந்தியாக வேண்டும். பிளவுத் தளம் பாறை முகத்தைவிடக் குறைந்த சாய்வில் இருந்து, அதன் கீழ் விளிம்பு முகத்தில் வெளியே தெரிய வேண்டும். கூடவே, அந்தச் சாய்வு உராய்வு தாங்கும் அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும். மலையில் சாலை போடும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான். 40 டிகிரி சாய்ந்த பிளவுகள் உள்ள மலை, 35 டிகிரி சரிவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நின்றிருக்கும்; பிளவுகளின் கீழ் விளிம்பு மலைக்குள்ளேயே புதைந்திருக்கும். சாலைக்காக அடிவாரத்தை 70 டிகிரிக்குச் செங்குத்தாக வெட்டிய மறுகணம் அந்த விளிம்புகள் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. பாறையின் வலு மாறவில்லை, பிளவு மாறவில்லை. தடுத்துக்கொண்டிருந்த அடிப்பாகம்தான் போய்விட்டது. இரண்டு பிளவுகள் ஒன்றையொன்று வெட்டி ஆப்பு வடிவத் துண்டு வெளியேறுவதும், உள்நோக்கிச் சாய்ந்த மெல்லிய பாளங்கள் முன்னோக்கிக் கவிழ்வதும் வேறு வகைகள். அடிப்படை ஒன்றுதான்: பிளவின் திசைக்கும் வெட்டிய முகத்தின் திசைக்கும் உள்ள உறவு.

உராய்வு தாங்கும் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பிளவின் இரு பக்கக் கற்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு பலகையில் வைத்து, பலகையை மெல்லச் சாய்க்க வேண்டும். மேல் கல் நழுவத் தொடங்கும் கோணம்தான் உராய்வுக் கோணம். அறுத்து மழமழப்பாக்கிய கல் 25 முதல் 35 டிகிரிக்குள் நழுவிவிடும். சொரசொரப்பான இயற்கைப் பிளவோ 60 டிகிரியைத் தாண்டியும் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டை ஆராய்ந்த நிக் பார்ட்டன், பிளவுகளின் சொரசொரப்புக்கு 0 முதல் 20 வரை மதிப்பெண் தரும் முறையை உருவாக்கினார். அவரும் சௌபேயும் 1977இல் வெளியிட்ட, பத்து செ.மீ. நீளமுள்ள பத்து மாதிரிக் கோடுகள் இன்றும் இத்துறை மாணவர்கள் முதலில் பார்க்கும் படங்களில் ஒன்று. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கையளவு கல்லில் தெரியும் சொரசொரப்பு, மலையளவு எடை மேலே அழுத்தும்போது நொறுங்கிவிடும். சோதனைச் சாலையில் கிடைத்த எண்ணை அப்படியே மலைக்குப் பொருத்தினால் மலை இருப்பதைவிட வலுவாகத் தெரியும்.

இனிக் கணக்கு. 30 டிகிரி சாய்ந்த பிளவின் மேல் ஒரு பெரிய பாறை உட்கார்ந்திருக்கிறது. உராய்வுக் கோணம் 40 டிகிரி. பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் 1.45 வருகிறது. இதற்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். ஒன்றுக்கு மேல் இருந்தால் பாறை நிற்கும், கீழே போனால் நழுவும். 1.45 என்பது மனநிறைவு தரும் எண். இப்போது உராய்வுக் கோணத்தை அளந்ததில் ஐந்து டிகிரி பிசகு என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது 35. காரணி 1.21 ஆகிறது. அடுத்து மழை பெய்கிறது. பிளவுக்குள் நீர் புகுந்து, பாறை தளத்தை அழுத்தும் விசையில் 30 விழுக்காட்டைத் தூக்கிவிடுகிறது. முதலில் இருந்த 1.45 நேரே 1.02க்கு இறங்குகிறது. ஐந்து டிகிரிப் பிசகும் மழையும் சேர்ந்தால் 0.85. பாறை கீழே வந்துவிட்டது.

தண்ணீரைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மழைநீர் பிளவில் எண்ணெய் போல வழுவழுப்பாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பங்கு மிகச் சிறியது. உண்மையான எதிரி அழுத்தம். பாறையின் பின்னால் 10 மீட்டர் ஆழமுள்ள செங்குத்து வெடிப்பு ஒன்றில் நீர் நிரம்பினால், அதன் அடியில் சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தம். ஒரு மீட்டர் அகலத்துக்கு மொத்தமாக 50 டன் விசை பாறையை வெளியே தள்ளும். வெடிப்பின் ஆழம் 20 மீட்டரானால் விசை இரட்டிப்பதோடு நிற்காது, 200 டன்னாகும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெடிப்பு எவ்வளவு அகலம் என்பது கணக்கிலேயே வரவில்லை. ஒரு விரற்கடை அகலப் பிளவில் சில குடம் நீர் நின்றாலும் அதே விசைதான். வடிய வழியில்லாமல் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் ஒரு மலைமுகத்தைத் தள்ளிவிடப் போதும். வெஸ்லெமானன் பாறையும் இதைத்தான் காட்டியது. கனமழையின் உச்சத்துக்குப் பிறகு 2 முதல் 12 மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்தைத் தொட்டது. வசந்த காலத்தில் பனி உருகி ஏராளமான நீர் ஓடியபோதோ அது பெரிதாக அசையவில்லை. மேற்பரப்பு உறைந்திருந்ததால் நீர் உள்ளே இறங்க வழியில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

திரும்பவும் பாதுகாப்புக் காரணிக்கு வருவோம். ஒப்பந்த ஆவணங்களிலும் அறிக்கைகளிலும் இந்த ஒற்றை எண்தான் ஆட்சி செய்கிறது. 1.3 இருந்தால் தற்காலிகச் சரிவுக்குப் போதும், 1.5 இருந்தால் நிரந்தரச் சரிவுக்குப் போதும் என்பது நெடுநாள் வழக்கம். ஆனால் அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதை அந்த எண்ணே சொல்வதில்லை. இரண்டு சரிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் துளையிட்டு, அளந்து, நீர்மட்டம் பார்த்து நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள், காரணி 1.3, அதன் திட்டவிலக்கம், அதாவது அந்த எண் எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதன் அளவு, 0.1. மற்றதைத் தூரத்திலிருந்து பார்த்து, நூலில் உள்ள எண்களைப் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள், காரணி 1.5, ஆனால் திட்டவிலக்கம் 0.4. மணி வடிவப் பரவல் என்று கொண்டு கணக்கிட்டால், முதல் சரிவின் காரணி ஒன்றுக்குக் கீழே போகும் வாய்ப்பு ஏறத்தாழ 740இல் ஒன்று. இரண்டாவதற்குப் பத்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். காகிதத்தில் வலுவானதாகத் தெரியும் சரிவு, எழுபது மடங்குக்கும் மேல் ஆபத்தானது. எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையைப் பற்றிப் பொதுமக்களும் அதிகாரிகளும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதுதான்.

இப்படி நிகழ்தகவாகக் கணக்கிடும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பாறைப் பொறியியல் அறிஞர் எவர்ட் ஹோக்குக்குப் பெரிய பங்குண்டு. ஹாங்காங்கின் கவ்லூன் பகுதியில் சாவ் மாவ் பிங் சாலையோரம் 60 மீட்டர் உயரக் கருங்கல் சரிவு. அதற்கு எதிரே அடுக்குமாடிக் குடியிருப்புகள். மலைக்குள் 35 டிகிரி சாய்வில் உரிதளப் பிளவுகள். அந்தப் பிளவின் வலுவை நேரடியாக அளந்த விவரம் கையில் இல்லாத நிலையில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தெரியாத எண்ணுக்கு ஒரு மதிப்பை ஊகித்து அதையே உண்மையாகப் பாவிப்பது ஒரு வழி. ஹோக் தம் நூலில் இதே சரிவை எடுத்துக்கொண்டு வேறொரு வழியை விளக்குகிறார். உராய்வுக் கோணம், பிணைப்பு வலு, வெடிப்பின் ஆழம், அதில் நிற்கும் நீர், நிலநடுக்கத்தின் வேகவளர்ச்சி ஒவ்வொன்றும் எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்று வைத்து, அந்த வரம்புக்குள்ளிருந்து எண்களைக் கணினி தற்செயலாக எடுக்கிறது, காரணியைக் கணக்கிடுகிறது, இதையே ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்கிறது. பத்தாயிரம் முறையில் அறுநூறு முறை காரணி ஒன்றுக்குக் கீழே போனால், சரிவு விழும் வாய்ப்பு 6 விழுக்காடு. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த எண்ணை மாற்றினால் விடை அதிகம் ஆடுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். அடுத்த ஆய்வுக்கான பணத்தை அந்த இடத்தில் செலவழிக்கலாம்.

ஆனால் கணினிக்குள் போடாத எதுவும் கணினியிலிருந்து வெளியே வராது. இத்தாலியின் வாயோன்ட் அணை இதற்குக் கசப்பான சான்று. ஏறத்தாழ 262 மீட்டர் உயர அணை. அதன் நீர்த்தேக்கத்தின் தென்கரையில் மோண்டே டோக் மலை. அணையை வடிவமைத்த கார்லோ செமென்சாவின் மகன் எடோர்டோ செமென்சா ஒரு நிலவியலாளர். பிராங்கோ ஜூடிசி என்பவருடன் சேர்ந்து அந்த மலையை ஆராய்ந்த அவர், இது ஏற்கெனவே பழங்காலத்தில் ஒருமுறை சரிந்து நின்ற மலை என்று 1960இலேயே சொன்னார். அந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ஏழு லட்சம் கன மீட்டர் பாறை நீரில் விழுந்தது. மலைமேல் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு திறந்தது. அதன் பிறகும், நீர்மட்டத்தை மெல்ல ஏற்றியும் இறக்கியும் மலையின் நகர்வைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். சில காலம் அது பலித்தது போலவும் தோன்றியது.

1963 அக்டோபர் 9 இரவு 10.39க்கு ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் மலை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நீர்த்தேக்கத்துக்குள் பாய்ந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் குதித்து லோங்கரோனே நகரையும் சுற்றுக் கிராமங்களையும் துடைத்தெறிந்தது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அணை இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே களிமண் இல்லை என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. 1985இல் ஹென்ட்ரனும் பேட்டனும் விரிவாக ஆராய்ந்தபோது அங்கே மெல்லிய களிமண் படலங்கள் இருப்பது உறுதியானது. சுண்ணாம்புக் கல்லின் உராய்வில் ஒரு சிறு பங்குதான் அந்தக் களிமண்ணுக்கு உண்டு. உராய்வுக் கோணத்துக்கு 30 முதல் 40 என்று வரம்பு வைத்து லட்சம் முறை கணக்கிட்டாலும் இந்தக் களிமண் விடையில் தலைகாட்டியிருக்காது. கணக்கை நம்பும் அளவுக்கு, மலையேறி நின்று பார்த்தவரின் சொல்லையும் நம்ப வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டினேன்.

பாறை விழுவதற்கு முன் பெரும்பாலும் அறிவிப்புக் கொடுக்கிறது. மெல்ல நகரும், நகர்வு வேகமெடுக்கும், பிறகு விழும். இந்த வேகத்திலிருந்து விழும் நேரத்தைக் கண்டறிய ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ 1985இல் ஒரு வழி சொன்னார். வேகத்தைப் பார்க்காதீர்கள், அதன் தலைகீழைப் பாருங்கள். அதாவது, ஒரு சென்டிமீட்டர் நகரப் பாறைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? திங்கட்கிழமை 24 மணி நேரம், செவ்வாய் 20, புதன் 16 என்று குறைந்துகொண்டே போனால், அந்தக் கோட்டை நீட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூஜ்யத்தைத் தொடும். அன்றுதான் ஆபத்து உச்சம். இந்த முறை வருவதற்கு முன்பே, நகர்வு வரைபடத்தை நீட்டிப் பார்த்து சிலி நாட்டின் சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்தில் ஐந்து வாரம் முன்கூட்டியே 1969 பிப்ரவரி 18 என்று நாள் குறித்தார்கள். அதே நாளில் சரிவு விழுந்தது. அமெரிக்காவின் பிங்ஹாம் கேன்யன் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று இரண்டு பிரம்மாண்டமான சரிவுகள். கண்காணிப்புக் கருவிகள் முன்பே சொல்லிவிட்டதால் ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பாறை எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் ஓடிப் பெரிய லாரிகளையும் இயந்திரங்களையும் புதைத்தது. எப்போது விழும் என்பதற்குக் கிடைத்த விடை, எதுவரை ஓடும் என்பதற்கு உதவவில்லை.

வெஸ்லெமானனில் ஃபுகுசோனோவின் முறை நெடுநாள் பயன்படவில்லை. பாறை வேகமெடுக்கும், மழை நின்றதும் அடங்கும். கோடு பூஜ்யத்தை நோக்கிப் போய்த் திரும்பிவிடும். கடைசிக் கட்டத்தில்தான் அது சரியாக வேலை செய்தது. அதற்குள் பாறையின் மேற்பகுதி ஏறத்தாழ 19 மீட்டரும் அடிப்பகுதி நான்கைந்து மீட்டரும் நகர்ந்திருந்தன. கோடு இப்படித் திரும்பிக்கொண்டே இருந்ததால்தான் அங்கே நாள் குறிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் மக்கள் வெளியேற வேண்டும் என்ற விதியைப் பின்பற்றினார்கள். அது நல்ல விதி.

இனி, கீழே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. ஆண்டுக்கு ஒரு கல் விழும் இடம் ஒன்று மலைச்சாலையில் இருக்கிறது என்று கொள்வோம். விழும் பரப்பு பத்து மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஐந்து மீட்டர் நீளக் கார் அந்த இடத்தைக் கடக்க ஒன்றரை நொடி போதும். நாளைக்கு ஆயிரம் வண்டிகள் போனாலும், அந்த இடத்தில் வண்டி இருக்கும் நேரம் ஒரு நாளில் 25 நிமிடம்தான். கல் விழும் கணத்தில் அங்கே வண்டி இருக்க வாய்ப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அதே இடத்தில் ஒரு வீடு இருந்தால்? வீடு எங்கும் போவதில்லை. வாய்ப்பு நூறு விழுக்காடு. அதே இடத்தில் விடுமுறை நாள் நெரிசலில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டால்? அப்போது சாலையும் வீடாகிவிடுகிறது. பாறை அதே பாறை, விழும் வாய்ப்பு அதே வாய்ப்பு. ஆபத்து மட்டும் ஐம்பது மடங்குக்கு மேல் ஏறுகிறது. சரிவை மட்டும் அளந்துவிட்டுக் கீழே பார்க்காத மதிப்பீடு அரைகுறையானது.

இந்தக் கணக்கை அரசு நிர்வாகமாகவே மாற்றிக்காட்டிய இடம் ஹாங்காங். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு பெரிய சரிவுகள் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. 1976இல் மீண்டும் உயிரிழப்பு. அடுத்த ஆண்டு சரிவுகளுக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். இன்று அங்கே மனிதர் வெட்டிய, நிரப்பிய சரிவுகள் சுமார் 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண் பொறித்த பலகை சரிவின் அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பராமரிக்க வேண்டியவர் யார் என்பதை எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சரிவின் அடியில் வசிக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு உயிரிழப்பு வாய்ப்பு, பழைய சரிவானால் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும், புதியதானால் லட்சத்தில் ஒன்றுக்கும் மேல் போகக் கூடாது என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள். உயிருக்கு எண் போடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எண் போடாத இடங்களில் அந்த ஆபத்து இல்லாமல் போய்விடுவதில்லை. யாருக்கும் தெரியாமல், பெரும்பாலும் ஏழைகளின் தலைக்குமேல், அது இருந்துகொண்டுதான் இருக்கிறது.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள், ஐவர் குழந்தைகள். நம் குன்றுகளில் பிளவுகளின் வழியே கல் சிதைந்து மண்ணாகி, நடுவே சிதையாத உருளைப் பாறைகள் தங்கிவிடுவது வழக்கம். அவை மண்ணில் பாதி புதைந்து நிற்கும். அடிமண் ஊறி இளகினால் பாறைக்குப் பிடிமானம் போய்விடும். 2022 மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கி, நால்வர் இறந்தார்கள். இரண்டும் வேறு வேறு வகைச் சரிவுகள். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் மேலே பார்த்தவையேதான்: பிளவு எந்தப் பக்கம் சாய்கிறது, பாறை எதன்மேல் நிற்கிறது, நீர் எங்கே வடிகிறது, கீழே யார் இருக்கிறார்கள்?

பரிகாரங்கள் எல்லாமே கோடிக்கணக்கில் செலவு வைப்பவை அல்ல. பாறை முகத்தில் சற்று மேல்நோக்கிய சாய்வில் ஆழமாகத் துளையிட்டு உள்நீரை வடியவிடுவது, கம்பிகளை உள்ளே செலுத்தி இறுக்குவதைவிடப் பல இடங்களில் மலிவு, பலன் அதிகம். மலையுச்சியில் மழைநீரைப் பிளவுக்குள் போகவிடாமல் வாய்க்கால் வெட்டித் திருப்புவது அதைவிட மலிவு. தளர்ந்த கற்களை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் கடப்பாரையால் நெம்பி இறக்கிவிடலாம். குவாரியில் படிப்படியாக வெட்ட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க வைத்தால் போதும். பல இடங்களில் சரிவின் மேல் கம்பி வலை போட்டு சிமென்ட் கலவை பீய்ச்சிவிடுகிறார்கள். அதில் வடிதுளை விடாவிட்டால், உள்ளே நீரை அடைத்துவைக்கும் வேலையைத்தான் அந்தப் பூச்சு செய்யும்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை மலைச்சாலைகளில் வெட்டப்பட்ட ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண், ஒரு பதிவேடு, பராமரிப்புக்குப் பொறுப்பான ஒரு துறை, பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஓர் ஆபத்து மதிப்பு வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. ஹாங்காங் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே கவனிக்கக்கூடியவையும் உண்டு. சரிவின் மேல் புதிதாகத் தெரியும் வெடிப்பு, சாய்ந்துபோன மரம் அல்லது மின்கம்பம், நின்றுபோன ஊற்று திடீரெனக் கலங்கி வருவது, அடிக்கடி உதிரும் சிறு கற்கள் ஆகியவற்றைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தீயணைப்புத் துறையிடமோ உடனே சொல்லுங்கள். அவர்கள் வந்து வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். அன்று பாறை விழாமல் போனால், அடுத்த முறையும் வெளியேறுங்கள்.